நோயில் போன வருஷத்தைத் திரும்பப் படிக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ படிக்கும்போது என் மகளுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாத மருந்தை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த நாட்களில் காலையில் மாத்திரை போட்டதும் குமட்டல் ஆரம்பித்துவிடும், இயற்பியல் புத்தகத்தில் திறந்து வைத்த பக்கம் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். பாதிப் பாடம் அவளுக்கு நடக்கவே இல்லை.

அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரட்டும் என்று கேட்டால், டிசி வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதச் சொல்கிறது பள்ளி. நாங்கள் கேட்பது வகுப்பறையும் ஆசிரியரும், வெறும் ஹால் டிக்கெட் இல்லை. துணைத்தேர்வு இருக்கிறதே என்கிறார்கள். சரி, தேர்வு நாளில் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அது போதும், மாதக்கணக்கில் பாடத்தையே விட்டவளுக்கு எப்படிப் போதும்? பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குத்தான் கட் ஆஃப், அதில் அரை மார்க் குறைந்தாலே தரவரிசையில் எங்கேயோ போய்விடுகிறோம். அரைகுறையாக எழுதி வாங்கும் மார்க்கை வைத்துக்கொண்டு அவள் அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கேட்க முடியுமா?

மருத்துவச் சான்றிதழோடு வரும் பிள்ளையை அதே பள்ளியில், அதே வகுப்பில் படிக்க வைக்க வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறை எல்லாப் பள்ளிகளுக்கும் தெளிவாக எழுத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: “ஃபெயிலா?” என்று அவள் முகத்துக்கு நேராகக் கேட்காதீர்கள்.

- ஒரு மாணவியின் தந்தை, பெரம்பூர், சென்னை