கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

மாப்ளே முத்து,

நீ பதிவுக்குப் பயன்படுத்தும் ஸ்டோர் ரூமின் போட்டோ, குரல் சாம்பிள், அந்த ஒப்பந்த பிடிஎஃப் மூன்றும் வந்து சேர்ந்தன. ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி விடு, பார்த்துக்கலாம்" என்பாய். உன்னைத் தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக குண்டு அண்ணன் சொன்னார். சந்தோஷம்.

முதலில் ஒன்று. ஆன்லைன் பாடத்துக்குக் குரல் கொடுக்கச் சொல்லி வந்திருக்கும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று எத்தனை மெயில் வந்தாலும் போடாதே. அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சாம்பிள் சின்ன விஷயம், அதை முடித்துவிட்டு வருகிறேன்.

குரலில் ஒரு குறையும் இல்லை. ஜவுளிக்கடை விளம்பரத்தை ஒரே மூச்சில் முடித்த அதே தொண்டைதான். கெடுப்பது அறை. நீ பேசாத இடங்களில் இரைச்சல் மைனஸ் 48 டெசிபெலில் நிற்கிறது. ஆடியோபுக் வேலைக்கு ஏசிஎக்ஸ் தளம் கேட்பது மைனஸ் 60-க்குக் கீழே. மற்ற கிளையன்ட்கள் எழுதித் தராவிட்டாலும் ஏறக்குறைய அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஃபைலை ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படத்தில், போட்டுப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 100-இல் ஒன்று, 150-இல் ஒன்று. கரண்ட் ஹம். சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி ஒரு நிமிஷம் பதிவு செய். கோடு மறைந்தால் சார்ஜரோ எர்த்திங்கோ காரணம். மறையவில்லை என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃப்ரிட்ஜையும் இன்வெர்ட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார். ஃப்ரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடு. கிளம்பும்போது மறுபடி போட ஞாபகம் வரும், பால் கெடாது.

அடுத்தது அந்தப் பெட்டிக்குள் பேசுகிற சத்தம். சுவரில் நீ ஒட்டியிருக்கும் ஒரு இஞ்ச் ஃபோம் மேல் அதிர்வெண்களை மட்டும்தான் தின்னும். உன் குரலுக்கு 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரைதான் பிரச்சினை, அதை ஃபோம் தொடவே தொடாது. 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல் நார்) பலகை வாங்கு, கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியில். கார்பெண்டரிடம் சொல்லி மரச்சட்டம் அடித்து, அதில் பலகையை வைத்து, ஊதினால் காற்று போகிற துணியால் மூடு. சுவரோடு ஒட்டாமல் இரண்டு இஞ்ச் தள்ளி மாட்டினால் கீழ் அதிர்வெண்ணிலும் வேலை செய்யும். ராக்வூலைத் தொடும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். முதல் சட்டம் உன் முதுகுக்குப் பின்னால் வரட்டும். எல்லாரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள், அது தப்பு. கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தை எப்படியும் கேட்காது. உன் தலைக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம்தான் நேராக அதன் வாய்க்குள் போகும். சட்டம் தயாராகும் வரை மெத்தையை நிமிர்த்தி வை, தரையில் ஜமுக்காளம் போடு.

எஸ்எம்7பி மைக் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அதன் சத்தம் சின்னது, அதை ஏற்றக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் உன் சின்ன இன்டர்ஃபேஸில் அவ்வளவு எடுத்தால் முழுக்கத் திருகித் திருகி சீறலைத்தான் வாங்குவாய். பிறகு அதற்கு ஒரு பூஸ்டர் வேறு வாங்க வேண்டி வரும். இருக்கிற கண்டென்சர் மைக்கே போதும், அந்தப் பணத்தை அறையில் போடு. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம். நேருக்கு நேர் பேசாமல் மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வை. "பத்து", "புதிய", "பயிற்சி" என்று வரும் இடத்தில் எல்லாம் உன் காற்று மைக்கில் அடிக்கிறது, அந்தச் சாய்வு ஒன்றே பாதியைச் சரி செய்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் இருக்கட்டும். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கண்டபடி போட்டிருக்கிறாய். வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஒலிக்கிறது. அதை எடுத்துவிடு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய மூன்றுக்கு ஒன்று கம்ப்ரஷன், மூன்று நான்கு டெசிபெல் குறைந்தால் போதும். பிறகு "ச", "ஸ" சீறலுக்கு டீ-எஸ்ஸர். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

வீடியோவும் சேர்த்துச் செய்து தருகிறேன் என்று அதே ரேட்டில் ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தாய். ஏன்டா? ஒரு மணி நேர முடிந்த ஆடியோவுக்கே பதிவு, திருத்தம், மறுபதிவு என்று நாலைந்து மணி நேரம் போகும். வீடியோ தனி வேலை, தனி ரேட். ஃபோனில் எடுப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை விநாடியில் 50-இல் ஒரு பங்காகவும் ஃப்ரேமை விநாடிக்கு 25 ஆகவும் பூட்டி வை, இல்லாவிட்டால் மலிவு எல்ஈடி வெளிச்சம் வரிவரியாக ஓடும். ஃபோன் ஃபைலில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது. தனியாக எடுத்த ஆடியோவைச் சேர்த்தால் முதல் நிமிஷம் உதடு பொருந்தும், பத்தாவது நிமிஷம் விலகியிருக்கும். எடிட்டில் போடுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிடு.

இனி ஒப்பந்தம்.

அதை "ஆன்லைன் பாடத்துக்கான குரல்" என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள். 40 மணி நேரம். கூடவே மாதிரிக்கு ஒரு பக்கம் ஸ்கிரிப்ட். அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படி. "மழை பெய்தால் கிணறு நிறையும்" என்று ஒரு வரி. அடுத்த வரி "ரயில் எத்தனை மணிக்கு?" அதற்கடுத்தது ஒரு வங்கிக் கணக்கு எண். இது எந்தப் பாடம்? ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஞகரம், ழகரம், றகர இரட்டிப்பு, எண்கள், கேள்வித் தொனி எல்லாம் ஒன்று விடாமல் வருகின்றன. ஒவ்வொரு வரியும் தனி ஃபைலாக, 3 முதல் 15 விநாடிக்குள், எந்த ப்ராசஸிங்கும் இல்லாமல் வேண்டுமாம். அதே வரிகளைச் சந்தோஷமாக ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, சோகமாக ஒரு தடவை. பாடம் நடத்துகிற எவனுக்கும் இது தேவைப்படாது. இது குரல் மாடல், அதாவது உன் குரலில் தானே பேசும் ஏஐ, செய்வதற்கான பொருள். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு தமிழுக்கு வெளியிட்ட ஒரு தொகுப்பில் சாதாரணத் தொனிக்கு 10 மணி நேரம், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் 1 முதல் 3 மணி நேரம் என்பதுதான் கணக்கு. அது ஆராய்ச்சிக்கென்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தது. உன்னிடம் கேட்பது 40 மணி நேரம். குரல் மாடல் என்ற சொல் மட்டும் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

இல்லை என்பதும் சரியில்லை, ஒளிந்திருக்கிறது. ஏழாவது ஷரத்தைப் பார்: "இப்போது உள்ளதும் இனி உருவாகக்கூடியதுமான எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக." இதில் ஒரு சொல்கூடச் சும்மா வரவில்லை. நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம், 1957-இன் 19-ஆவது பிரிவுப்படி, எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து வருஷத்துக்குத்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012-இல் 18-ஆவது பிரிவில் சேர்த்ததன்படி, ஒப்பந்தம் போடும்போது வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால், உரிமை போகாது. நிகழ்த்துபவரின் உரிமைக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தும் என்று 39ஏ பிரிவு சொல்கிறது. அதாவது நீ ஒன்றும் எழுதாமல் விட்டாலே சட்டம் உனக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. அந்த ஒரு வரி, அந்த மூன்று பாதுகாப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கென்றே எழுதியது. அதில் உன் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

இது அதீத பயம் என்று நினைக்காதே. அட்லாண்டாவில் இருக்கும் சூசன் பென்னட் 2005 ஜூலையில் ஒரு மாதம், தினம் நான்கு மணி நேரம், ஒரு குரல் மென்பொருள் நிறுவனத்துக்காகச் சம்பந்தமில்லாத வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தார். 2011 அக்டோபரில் அது ஆப்பிள் ஐபோனில் பேசும் உதவியாளரான 'சிரி'யின் குரலாக வெளிவந்தது. அந்த அம்மாவுக்கு அது இன்னொரு குரல் கலைஞர் சொல்லித்தான் தெரியும். கனடாவின் பெவ் ஸ்டாண்டிங் 2018-இல் மொழிபெயர்ப்புக்கென்று படித்துக் கொடுத்த குரல், டிக்டாக்கில் யார் எதைத் தட்டச்சு செய்தாலும் வாசித்தது, அசிங்கமான வார்த்தைகள் உட்பட. 2021-இல் வழக்குப் போட்டு, சமரசத்தில் முடிந்தது. வழக்குப் போட அவருக்கு வழி இருந்தது, ஏனென்றால் அந்தப் பயன்பாட்டுக்கு அவர் சம்மதம் கொடுத்திருக்கவில்லை. நீ ஏழாவது ஷரத்தில் கொடுத்துவிடுவாய்.

2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதியில்லாமல் குரலை ஏஐயில் நகலெடுக்கத் தடை போட்டதே என்று கேட்பாய். அவர் பெயரும் குரலும் ஊருக்கே தெரியும், அந்தப் புகழின் மேல் நிற்கிற வழக்கு அது. பேருந்து நிலைய அறிவிப்பும் கஸ்டமர் கேரும் பேசுகிற நம்மைப் போன்றவர்களுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. நம் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் ஒப்பந்தத் தாள்தான். முறையாகச் செய்ய முடியாததும் இல்லை. அதே 2024-இல் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ வழியாகப் பாட வைத்தபோது குடும்பங்களிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். பிடிக்கிறதோ இல்லையோ, கேட்டுச் செய்வது அப்படித்தான்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உன் குரல்தான்டா. மணிக்கு இவ்வளவு என்று நீ விற்பது ஒரு வேலை. அவர்கள் வாங்கப் பார்ப்பது, அடுத்து உனக்கு வரவேண்டிய எல்லா வேலையையும். உன் குரலே மலிவாகக் கிடைக்கும்போது உன்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? கடன் வசூல் மிரட்டலுக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் அது பேசினால் அத்தை கேட்டு அடையாளம் கண்டுகொள்வார்களா, மாட்டார்களா?

மறுப்பதாக இருந்தால் ஒரு வரியில் மறுத்துவிடு. பேசிப் பார்க்க நினைத்தால் இப்படி எழுது: "இந்தப் பதிவுகள் குறிப்பிட்ட பாடத்துக்கு மட்டும், தமிழில் மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் பயன்படும். இவற்றைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கவோ, இயந்திரக் கற்றலுக்குப் பயிற்சி அளிக்கவோ, மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கவோ எழுத்துபூர்வமான தனி ஒப்பந்தம் தேவை." உண்மையிலேயே பாடம் என்றால் இதற்குச் சம்மதிக்க அவர்களுக்கு ஒரு நாள் போதும். குரல் மாடல்தான் வேண்டும் என்று வெளிப்படையாக வந்தால் அது தனிப் பேரம். எந்தப் பொருளில் வரும், எத்தனை வருஷம், அரசியல், ஆபாசம், ஆள்மாறாட்டம் கூடாது என்ற பட்டியல், பயன்பாட்டுக்குத் தக்க ராயல்டி, காலம் முடிந்ததும் பதிவையும் மாடலையும் அழித்துவிட்டதாக எழுத்து. இத்தனையும் இல்லாமல் பேசாதே. அமெரிக்கக் குரல் நடிகர் சங்கமான நாவா தன் தளத்தில் ஒப்பந்தத்தோடு இணைக்கிற ஏஐ ஷரத்து ஒன்றை வைத்திருக்கிறது. எடுத்துப் படித்துவிட்டு, குண்டு அண்ணன் மச்சான் வக்கீலிடம் ஒரு பார்வை காட்டு. அவர் சிரிக்க மாட்டார் என்பது நமக்குத் தெரியும், ஆனால் ஷரத்து படிப்பதில் கெட்டிக்காரர்.

பணம் பற்றி ஒன்று. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துவிடு, இலவசம், ஆதாரும் பானும் போதும். குறு, சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால் எழுத்தில் என்ன ஒத்துக்கொண்டிருந்தாலும் 45 நாளைக்கு மேல் பில்லை இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, நேரத்தில் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு வட்டியைவிட இதுதான் உறைக்கிறது. உத்யம் எண்ணை பில்லின் தலைப்பிலேயே போடு. பாதி முன்பணம் வாங்கு. நீ தவறாகப் படித்ததற்கு மறுபதிவு இலவசம், அவர்கள் ஸ்கிரிப்ட் மாற்றினால் காசு என்று பில்லிலேயே எழுது. டிடிஎஸ் வரி பிடித்தால் அது வருமான வரித் தளத்தில் உன் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ அனுப்பப் போகிற மெயிலை எனக்கு ஒரு தடவை காட்டு. சார்ஜரைக் கழற்றி எடுத்த அந்த ஒரு நிமிஷப் பதிவையும் அனுப்பு, ப்ராசஸிங் எதுவும் வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம்.

உன்,
சீனு