எட்டுப் பலகை, முப்பத்தோரு பை: கார்ன்ஹோல் லீக் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பொங்கல் கூட்டத்தில் நீங்கள் செயற்குழுவிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. "வாரத்தில் ஒரு நாளாவது பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் விளையாடுகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்" என்றீர்கள். செய்தோம். தலைப்பில் திருப்பணி என்று போட்டதைப் பார்த்துவிட்டு, "கோபுரம் எங்கப்பா?" என்று கேட்டார் நம் பொருளாளர் அக்கா. கோபுரம் இல்லைதான். ஆனால் மரம் வாங்கினோம், வர்ணம் பூசினோம், உபயம் வசூலித்தோம், நடுவில் இரண்டு தடவை சண்டையும் போட்டோம். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். சாய்ந்த பலகை, அதில் ஒரு ஓட்டை, தூரத்திலிருந்து வீசும் துணிப்பை. அவ்வளவுதான். அமெரிக்காவில், குறிப்பாக ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டிப் பக்கம், வீட்டுக்கு வீடு இருக்கிற விளையாட்டு. இதைப் போன்ற ஒரு பலகைக்கு 1883இலேயே அங்கே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அதில் ஓட்டை சதுரமாம். அமெரிக்கன் கார்ன்ஹோல் லீக் 2015இல் தொடங்கியது. பைக்குள் உலர்ந்த சோளத்தைப் போட்டு ஓட்டையில் வீசியதால் இந்தப் பெயர். பிள்ளைகள் கார்ன்ஹோல் என்கிறார்கள், பெரியவர்கள் 'பை வீசுறது' என்கிறார்கள். சோளக்குழி என்று ஒருவர் மொழிபெயர்த்தார். அது விதைக்கப் போகிற மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் முழங்கால். இரட்டையர் ஆட்டத்தில் ஒரே அணியின் இருவரும் எதிரெதிர் முனைகளில் நிற்பார்கள். இந்த முனையில் இருப்பவர் வீசி முடித்ததும் அந்த முனையில் இருப்பவர் அதே பைகளைப் பொறுக்கித் திருப்பி வீசுவார். நடக்கவே வேண்டியதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அங்கிள் ஒருவர் ஒரு வாரம்கூட விடாமல் ஆடினார். பூப்பந்தில் (பேட்மிண்டன்) இது நடக்குமா?

இனி மர வேலை. பலகையின் அளவு 4 அடிக்கு 2 அடி. கடையில் விற்கும் பிளைவுட் 8 அடிக்கு 4 அடி. ஒரு தாளில் நான்கு பலகை கணக்காக வரும். நமக்கு வேண்டியது எட்டு. இங்கே சிங்கப்பூரில் சுங்கை காடூட் பக்கம் ஒரு மரக்கடையில் இரண்டு தாள் வாங்கி அங்கேயே அறுத்துக்கொண்டோம். வாள் தின்ற இரண்டு மூன்று மில்லிமீட்டரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டியது வேறிடத்தில் இருந்தது.

ஓட்டையின் குறுக்களவு 6 அங்குலம். அதன் மையம் பலகையின் மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலத்தில் இருக்க வேண்டும். மையம். முதல் பலகையில் நாங்கள் ஓட்டையின் மேல் ஓரத்தை 9 அங்குலத்தில் வைத்து அறுத்துவிட்டோம். ஓட்டை 3 அங்குலம் கீழே இறங்கிவிட்டது. பென்சிலால் கோடு போட்டது நான், அறுத்தது தச்சு வேலை தெரிந்த மாமா. தூசியை ஊதிவிட்டு அவர் அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இனிமே கோடு நான் போடுறேன். நீங்க டீ வாங்கிட்டு வாங்க" என்றார். அதன்பிறகு ஒரு பலகையும் பழுதாகவில்லை. எனக்கும் காப்பிக்கடையில் நல்ல பழக்கம் ஏற்பட்டது. பழுதான பலகையை எறியவில்லை. ஓட்டை முன்னால் வந்துவிட்டதால் பை சுலபமாக விழுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். எட்டைச் சரிக்கட்டப் பாதித் தாள் கூடுதலாக வாங்க நேர்ந்தது. அந்தச் செலவு கணக்கில் இருக்கிறது, மறைக்கவில்லை.

பலகையின் பின்பக்கம் தரையிலிருந்து 12 அங்குலம் உயரம், முன்பக்கம் 3 முதல் 4 அங்குலம். சட்டம் மட்டும் அடித்தால் போதாது, நடுவில் குறுக்குக் கட்டையும் வேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி துள்ளி, விழுந்த பையை எகிற வைக்கும். சிராய் இல்லாமல் தேய்த்து, வர்ணம் பூசி, மேலே வார்னிஷ் மூன்று பூச்சு. டப்பாவில் போட்டிருந்த மணிக்கணக்கில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒன்றும் காயவில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழு நாள் விட்டோம்.

உபயதாரர்கள் எட்டுப் பேர், பலகைக்கு ஒருவர். பெயரைப் பலகையின் முகத்திலேயே எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கும் கதை நமக்குத் தெரியும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: எழுத்தின் வர்ணம் தடித்த இடத்தில் பை வழுக்காமல் நின்றுவிடும். அதனால் பெயர்கள் பலகையின் அடியில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் குனிந்து பார்க்கலாம்.

பைகளின் கதைதான் பெரிய கதை. ஒவ்வொரு பையும் 6 அங்குலச் சதுரம், எடை சுமார் 450 கிராம். எதிரெதிரே வைத்த இரண்டு பலகை சேர்ந்தது ஒரு தடம். ஒரு தடத்துக்கு இரண்டு நிறத்தில் நான்கு நான்கு, நான்கு தடங்களுக்கு 32 பைகள். அக்கம்பக்கத்து ஆண்ட்டிகள் சிறுவயதில் அஞ்சாங்கல் ஆட அரிசியும் மணலும் போட்டுத் துணிப்பை தைத்தவர்கள். வெட்டித் தருவதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கனத்த கேன்வாஸ் வீட்டுத் தையல் எந்திரத்துக்கு மசியாததால் தேக்கா நிலையத்தின் மாடியில் ஒரு தையல்கடையில் கொடுத்தோம். உள்ளே என்ன போடுவது? பெயரே கார்ன்ஹோல் ஆயிற்றே என்று சோளமே போட்டோம். செயற்குழு ஏகமனதாக எடுத்த முடிவு. ஏகமனதாகத் தப்பு செய்தோம்.

மூன்றாவது வாரமே பைகளிலிருந்து மாவு கொட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அரைக் கிலோ எடையோடு பலகையில் போய் அடித்தால் சோளம் நொறுங்காமல் என்ன செய்யும்? அப்புறம் ஒரு சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் பைகளின் மேல் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. வண்டு. அரிசி டப்பாவில் பார்ப்பதுபோலத்தான். பெட்டியின் மூலையை எலியும் கொஞ்சம் கடித்துப் பார்த்திருந்தது. தீவனம் வைத்து வளர்ப்பதுபோல ஆகிவிடும் என்று பொருளாளர் அக்கா அன்றே 32 பைகளையும் குப்பையில் போடச் சொன்னார். இப்போதெல்லாம் போட்டிகளிலும் பிளாஸ்டிக் குருணை நிரப்பிய பைகளைத்தான் வீசுகிறார்கள் என்பதை முதலிலேயே கவனித்திருந்தால் 118 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிஞ்சியிருக்கும். புதிய பைகளில் குருணைதான். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. எந்தப் பக்கம் கீழே விழும்படி வீசுகிறோம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்தி, குறைந்ததைப் பிரித்து மறுபடி நிரப்பினோம்.

மழை பெய்த மாலைகளில் வார்னிஷ் பிசுபிசுத்துப் பை நகராமல் நின்றது. ஒருவர் வீட்டிலிருந்து கேரம் பவுடர் கொண்டுவந்து தூவினார். முதல் ஐந்து நிமிடம் அருமை. பிறகு எல்லார் கையிலும் கால்சட்டையிலும் வெள்ளை, பை பலகையைத் தாண்டி ஓடியது. இப்போது ஆட்டத்துக்கு முன் உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

இடத்தைப் பற்றி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். முதலில் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் அனுமதி வாங்கி ஆரம்பித்தோம். விளக்கும் கூரையும் இருக்கிறது, வீட்டிலிருந்து இறங்கினால் ஆடலாம். ஆனால் பை பிளைவுட்டில் விழும் ஓசை அங்கே மத்தளம்போல எதிரொலித்தது. இரண்டாவது சனிக்கிழமை, இரண்டாம் மாடியிலிருந்து ஓர் இளம் தாய் இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணே, இப்பதான் பிள்ளையைத் தூங்க வச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ரப்பர் விரிப்பு வாங்கிப் பலகைக்கடியில் போட்டுப் பார்த்தோம். சத்தம் குறைந்தது, போகவில்லை. மறு வாரமே வசிப்போர் குழுவினர் உதவியோடு நகர மன்றத்திடம் பேசி, கூரை போட்ட திடலுக்கு மாறினோம். நடை கொஞ்சம் கூடுதல் என்று சிலருக்கு வருத்தம். என்னைக் கேட்டால், முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும்.

திடலும் வாகாக அமைந்தது. இரண்டு பலகைகளின் முன் விளிம்புகளுக்கு இடையே 27 அடி, பலகைகளோடு சேர்த்து 35 அடி. அங்கே இருக்கும் பூப்பந்துக் களத்தின் நீளம் 44 அடி. ஆக முனைக்கு நாலரை அடி மிச்சம். அகலம் 20 அடி என்பதால் ஒரு களத்தில் இரண்டு தடம், இரண்டு களத்தில் நான்கு. தரையில் ஏற்கெனவே கோடு இருப்பதால் டேப்பை வைத்து அளக்கும் வேலையும் பாதியாகக் குறைந்தது.

எட்டு அணிகள், 16 பேர். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு இரண்டிரண்டு முறை ஆட வேண்டும்: அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒரு மாலைக்கு இரண்டு சுற்று. அட்டவணை போடக் கணினி தேவைப்படவில்லை. எட்டு எண்களை மேலே நான்கு கீழே நான்காக எழுதி, முதல் எண்ணை அப்படியே வைத்து, மற்ற ஏழையும் சுற்றுக்கு ஓரிடம் நகர்த்தினால் போதும். மேலும் கீழும் இருப்பவர்கள் எதிரணி. ஏழாவது சுற்றில் எல்லாரும் எல்லாரையும் சந்தித்துவிடுவார்கள். ஏழு வாரம் என்று போட்டது எட்டானது. சீனர்களின் ஏழாம் மாத வழிபாட்டுக்காக ஒரு சனிக்கிழமை திடலில் கூடாரம் எழும்பிவிட்டது. அன்று அவர்கள் விருந்தில் ஏலம் விடும் சத்தத்தைக் கேட்டபடி காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

புள்ளிக் கணக்கில் முதல் இரண்டு வாரம் பெரிய குழப்பம். பலகையில் நின்றால் 1, ஓட்டையில் விழுந்தால் 3 என்பது எல்லாருக்கும் புரிந்தது. எட்டுப் பையும் வீசி முடிந்ததும் இரு தரப்புப் புள்ளிகளையும் கழித்து, மிச்சம் மட்டுமே கூடுதல் எடுத்தவருக்கு என்பதுதான் புரியவில்லை. நீலம் ஓட்டையில் ஒன்று, பலகையில் இரண்டு: ஐந்து. சிவப்பு ஓட்டையில் ஒன்று, பலகையில் ஒன்று: நாலு. அந்த வீச்சில் நீலத்துக்கு ஒரே ஒரு புள்ளி, சிவப்புக்கு ஒன்றுமில்லை. "நாலு எடுத்தும் பூஜ்யமா?" என்று ஒரு ஆண்ட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. சீட்டாட்டக் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது வாரம் அவரே கணக்கு எழுதும் மேசைக்கு வந்துவிட்டார். முதலில் 21 எடுப்பவர் வெற்றி. 21ஐத் தாண்டினால் புள்ளியைப் பின்னுக்குத் தள்ளும், சிலர் வீட்டில் வைத்துக்கொள்ளும் விதி நம்மிடம் இல்லை. தரையில் பட்டு எகிறிப் பலகையில் ஏறிய பை செல்லாது, உடனே எடுத்துவிட வேண்டும்.

இரண்டு சண்டை என்றேனே. ஒன்று ஓட்டை அறுத்தபோது நடந்தது, அது மாமாவோடு. மற்றது கடைசி வாரத்தில். இரண்டாம் இடத்துக்கு இரண்டு அணிகள் ஒன்பது வெற்றியோடு சமமாக நின்றன. நேருக்கு நேர் ஆடியதிலும் ஆளுக்கு ஒன்று. அடுத்து எதைப் பார்ப்பது என்று விதியில் நாங்கள் எழுதவே இல்லை. புள்ளி வித்தியாசம் என்று ஒரு தரப்பு, சீட்டுக் குலுக்கல் என்று இன்னொரு தரப்பு. தவறு முழுக்கச் செயற்குழுவுடையது. ஒரே ஓர் ஆட்டம் கூடுதலாக வைத்து முடித்தோம். தோற்ற அணி இன்னமும் முழுச் சமாதானம் ஆகவில்லை, அது நியாயம்தான். அடுத்த முறைக்குப் புள்ளி வித்தியாசம் என்று எழுதியாயிற்று.

நிலையான ஜோடி வேண்டாம், வாரா வாரம் குலுக்கி ஜோடி சேர்க்கலாம் என்பது என் சொந்தக் கருத்து. அப்பாவும் மகனுமாக ஆடிய அணி 14இல் 13 ஜெயித்தது. அழகுதான், ஆனால் ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு முதலிடத்தில் விறுவிறுப்பே இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.

கணக்கு. வரவு: 16 பேரிடம் தலா 20 வெள்ளி, 320. பலகை உபயம் எட்டுக்குத் தலா 60, 480. ஆக 800 வெள்ளி. செலவு: மரம், அறுப்புக் கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 310. வர்ணம், வார்னிஷ், திருகாணி, உப்புத்தாள் 83. சோளப் பைகள் 118. குருணைப் பைகள் 172. ரப்பர் விரிப்பு 38. தள்ளுவண்டி 45. மொத்தம் 766 வெள்ளி. கையிருப்பு 34. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. நிறைவு நாள் பிரியாணி இரண்டு உறுப்பினர்களின் அன்பளிப்பு என்பதால் கணக்கில் வரவில்லை.

ஆண்டுக் கடைசியில் மழை வலுக்கும். கூரை இருந்தாலும் சாரல் பலகையை நனைத்துவிடும். அதனால் அடுத்த பருவம் தைப்பூசத்துக்குப் பிறகுதான். பலகைகள் வசிப்போர் குழுவின் சாமான் அறையில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வைக்கப்பட்டுள்ளன. தயவுசெய்து படுக்கவைத்து மேலே நாற்காலி அடுக்காதீர்கள், வளைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நிறைவு நாளன்று எண்ணியபோது 31 பைகள்தான் இருந்தன. காணாமல் போனது நீலம், ஒரு மூலையில் பழுப்பு நூலால் மறுதையல் போட்டது. பிள்ளைகளின் பள்ளிப் பை, கார் டிக்கி, பிரியாணிச் சட்டி வந்த கூடை, எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள். கிடைத்தால் பொருளாளர் அக்கா வீட்டில் கொடுத்துவிடவும். யார் எடுத்தது என்று கேட்க மாட்டார்.

அன்புடன்,
செயலாளர், செயற்குழு சார்பில்