சி-109: சுமையோடு தரையிறங்கிய குண்டுவீச்சு விமானம்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பேத்தி கல்யாணம் தை மாதம் என்று முடிவாகியிருக்கிறது, பத்திரிகை தனியே வரும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-24 குண்டுவீச்சு விமானத்தை, இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் பெட்ரோல் சுமக்கும் சி-109 ஆக மாற்றியதும் ஏன் இவ்வளவு கெட்ட பெயர் வந்தது என்று கேட்டிருந்தாய். பெட்ரோல் பற்றிக்கொள்ளும் என்பது பாதி பதில்தான். நான் முதலில் சொல்வது தரையிறங்கும்போது இருக்கும் எடையை. குண்டு சுமந்து போகும் விமானம் சுமையை வழியிலேயே போட்டுவிட்டு, தன் எரிபொருளையும் எரித்துத் தீர்த்து, இளைத்துத்தான் ஓடுபாதைக்குத் திரும்பும். சி-109 சுமையைக் கொண்டுபோய் இறக்கினால்தான் அதற்கு வேலையே. உடலுக்குள் எட்டு டேங்க், கிட்டத்தட்ட 2,900 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 11,000 லிட்டர். கேலனுக்கு 6 பவுண்டு என்று போட்டால் 17,400 பவுண்டு, ஏறக்குறைய 8 டன். நடுவழியில் ஒரு என்ஜின் நின்றால் குண்டை நொடியில் உதிர்த்துவிடலாம். பெட்ரோல் அப்படிப் போகாது.

இதோடு, அது போய் இறங்கிய சீன நகரமான குன்மிங்கின் உயரத்தைச் சேர்த்துப் பார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,200 அடி. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் 83 சதவீதம்தான். அந்த மெலிந்த காற்றில் வேகமானி மணிக்கு 120 மைல் காட்டும்போது விமானம் உண்மையில் 132 மைலில் ஓடுபாதையைத் தொடும். பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் 20 சதவீதம் கூடுகிறது. வெயில் ஏறினால் இன்னும் மோசம். முழுச் சுமையோடு 6,000 அடிக்கு மேற்பட்ட தளங்களில் இதை இறக்குவது கடினம் என்று பெயர் வாங்கியதில் வியப்பில்லை.

அடுத்தது சுமை உட்கார்ந்த இடம். குண்டுகள் இறக்கைக்குக் கீழே, நடு உடலில் தொங்கும். டேங்குகளோ மூக்குவரை பரவின. நடுவிலிருந்து தள்ளித் தள்ளி எடை வைத்தால் விமானம் ஆடத் தொடங்கவும் நேரமாகும், தொடங்கிய ஆட்டத்தை நிறுத்தவும் நேரமாகும். எல்லா டேங்கும் நிரம்பியிருந்தால் விமானம் நிலைகொள்ளவில்லை. முன் டேங்கைக் காலியாக விட்டால் அடங்குகிறது என்று கண்டுகொண்ட பிறகு, அப்படியே பறப்பது வழக்கமாயிற்று. பாதி நிரப்பாமல் முழுக்கக் காலியாக விட்டதும் சரிதான்; அரைகுறை டேங்கில் பெட்ரோல் முன்னும் பின்னும் அலைந்து சமநிலையைக் கெடுக்கும்.

இறக்கையையும் மறக்காதே. பி-24இன் நீண்டு ஒடுங்கிய 'டேவிஸ்' வகை இறக்கை தொலைதூரம் போக அருமையானது, ஆனால் பனிக்கட்டி பிடித்தால் தூக்கும் சக்தி சட்டென்று குறைந்துவிடும். அசாமிலிருந்தும் டாக்கா அருகே குர்மிடோலாவிலிருந்தும் இமயத்தின் கிழக்கு முனையைக் கடந்த பாதையில் பனிக்கட்டிக்கா பஞ்சம்?

இப்போது தீ. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். நிரம்பிய டேங்கில் ஆவிக்கு இடமே குறைவு. பெட்ரோலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் டேங்கில்தான் காற்று புகுந்து அந்தக் கலவை அமையும். அதனால்தான் டேங்க் காலியாகும்போது உள்ளே தீப்பிடிக்காத மந்த வாயுவைச் செலுத்தும் ஏற்பாடு வைத்தார்கள். நிரப்பவும் இறக்கவும் உடலின் பக்கவாட்டில் ஒரே குழாய் இணைப்பு. திறந்த வாயில் ஊற்றும் ஆவித் தொல்லை அதனால் குறைந்தது. நல்ல வேலை என்று அதைத்தான் சொல்வேன்.

ஆனால் பி-24க்கு ஒரு பழைய நோய் உண்டு: குழாய் இணைப்புகள் கசிந்து குண்டு அறையில் ஆவி சேரும். குண்டு சுமந்த காலத்திலேயே அறைக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துப் பறந்தவர்கள் உண்டு. பம்ப், ரிலே, ரேடியோ எதிலிருந்தும் ஒரு பொறி போதும். அதிர்வில் உலோக டேங்கின் வெல்டிங் இணைப்பு விரிசல் விடும் என்பதால் ரப்பர் பை டேங்க் மேல். ஆனால் ஓடுபாதையில் மோதினால் எந்த டேங்கும் தாங்காது. இறக்கை மேலே, டேங்குகள் உடலுக்குள். அடிப்பகுதி நசுங்கினால் பெட்ரோல் சூடான என்ஜினைத் தேடிப் போகும். சுமையோடு விழுந்த சி-109இலிருந்து பிழைத்து வருவது அரிது. விமானிகள் 'சி-ஒன்-ஓ-நைன்' என்ற பெயரைத் திரித்து, வெடிச் சத்தம் போல 'சி-ஒன்-ஓ-பூம்' என்றார்கள்.

இத்தனைக்கும் 200க்கு மேல் மாற்றினார்கள். 1944இல் சீனாவின் செங்டு பக்கத்துத் தளங்களிலிருந்து ஜப்பானைத் தாக்கிய பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெட்ரோல் வான்வழியே தவிர வேறு வழியில் போகவில்லை. 1945இல் அந்த பி-29கள் பசிபிக் கடலின் மரியானா தீவுகளுக்குப் போயின, குன்மிங்குக்குப் பெட்ரோல் நிலக்குழாயும் வந்தது. அவசரத் தேவைக்குச் செய்த வண்டி என்றுதான் நான் அதை மதிப்பிடுகிறேன்.

1948-49இல், பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலிருந்து உருவான லங்காஸ்ட்ரியன்கள் முற்றுகையில் இருந்த பெர்லினுக்கு எரிபொருள் சுமந்தன அல்லவா, அவற்றில் டேங்குகளை எங்கே வைத்தார்கள் என்று உன் குறிப்பேட்டில் இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. கண் தெளிந்த பிறகு போதும்.

அன்புடன்,
ரகு