தோரா வாரப் பகுதி வாசிப்பு வட்டம், தெல் அவீவ்: யூத நாட்காட்டியின் 5785-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் ஓடாத சனிக்கிழமையில் ஷெரூத் என்னும் பங்கு வேனுக்குக் காத்துக்கிடந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நமக்கு ஆண்டு என்பது, தோரா வாசிப்பு முடிந்து மறுபடி தொடங்கும் பண்டிகையான சிம்ஹாத் தோராவிலிருந்து அடுத்த சிம்ஹாத் தோரா வரை. 2024 அக்டோபர் 26 அன்று முதல் பகுதியான ‘பெரெஷித்’தில் தொடங்கினோம். இந்தச் செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 14 அன்று, ஜெப ஆலயங்களில் உபாகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களை வாசித்து முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிக்குப் போய்விட்டார்கள். இடையில் 51 சனிக்கிழமைகள். அதில் 43-இல் கூடினோம். விட்டுப்போன எட்டில் பண்டிகைச் சனி இரண்டு, ஜூன் மாதச் சனி இரண்டு. மீதி நான்குக்கும் காரணம் சாவி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். மோசேயின் ஐந்து புத்தகங்களையும் யூதர்கள் 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாக ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் வாரங்கள் போதாமல் இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசிப்பதும் உண்டு. ஒவ்வொருவரும் அந்தந்த வாரப் பகுதியை மூலத்தில் இரண்டு முறையும் மொழிபெயர்ப்பில் ஒரு முறையும் வாசிக்க வேண்டும் என்று ரபிகளின் (யூத குருமார்களின்) பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. அந்தக் காலத்தில் மொழிபெயர்ப்பு என்றால் அரமேயம். நம் வட்டத்தில் கணக்கு தலைகீழ். தாத்தா எபிரேயத்தில் ஒரு முறை வாசிப்பார், நாம் தமிழில் இரண்டு முறை.

தாத்தாவைப் பற்றியும் பதிவு செய்துவிடுகிறேன். நம் உறுப்பினர் ஒருவர் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். நான்கு தெரு தள்ளி வீடு. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். மடியில் காலையில் ஜெப ஆலயத்தில் கிடைத்த வாரப் பகுதித் துண்டிதழ்கள் நான்கைந்து இருக்கும். நாம் வைக்கும் கேக்கைத் தொட மாட்டார். ஆரஞ்சு கொடுத்தால் உரித்துத் தின்பார். ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்று அவர் நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அவர் எதிரில் பேனாவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த ஆண்டுக் குறிப்பேடு முழுக்க, ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் நின்று நினைவிலிருந்து எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதல் நல்ல கூட்டம் நவம்பர் 2, நோவா பகுதி. பேழை, மழை, புறா எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பதாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டோம். நோவா குடித்துவிட்டுக் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். ஒரு மகன் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்பக்கமாகவே நடந்து வந்து அப்பாவை மூடுகிறார்கள். இதைச் சண்டே ஸ்கூலில் படித்த நாளில் எனக்கு இது சாபத்தைப் பற்றிய கதை. இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவரைக் குளிப்பாட்டுகிறேன். கதவு திறந்து கிடக்க, கூடத்தில் மருமகள் போய்வர, அவரை அப்படியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் சோப்பு தேடிய நாட்கள் உண்டு. அன்று பேச்சு முழுக்கத் துண்டைப் பற்றித்தான். எந்தப் பக்கம் முதலில் மூடுவது, கால் கழுவும்போது மடியில் எதைப் போடுவது, மகன் அறைக்குள் எட்டிப் பார்த்தால் நாம் எங்கே நிற்பது. ஒரு அக்கா சொன்னார்: “பின்பக்கமா நடந்து வர நமக்கு முடியாது, தண்ணியில வழுக்கி விழுந்துடுவோம். கண்ணையாவது வேற பக்கம் வைக்கலாம்.”

‘வயேரா’ வாரம் சுமார். ஆபிரகாம் வெயிலில் வாசலில் உட்கார்ந்திருந்ததை, நோயாளியைக் கடவுளே பார்க்க வந்த இடமாக ரபிகள் படிக்கிறார்கள் என்று தாத்தா சொன்னார். நோயாளியைப் பார்ப்பது தங்களுக்கு ஒரு கட்டளை என்றும் சொன்னார். “மாதச் சம்பளத்துக்குப் பார்த்தாலும் அது கட்டளைக் கணக்கில் வருமா?” என்று நம் தலைவர் கேட்டார். தாத்தா சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஜனவரி 11, ‘வயெஹி’. யாக்கோபு சாகும் தறுவாயில், தன்னை எகிப்தில் புதைக்க வேண்டாம் என்று யோசேப்பிடம் கேட்கும் இடம். தயவும் உண்மையுமாக நடந்துகொள் என்கிறார். செத்தவருக்குச் செய்வதே உண்மையான தயவு, அவர் திருப்பித் தர முடியாது என்று இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி எழுதியிருக்கிறார். அதற்கு முந்தின வாரம்தான் நம் உறுப்பினர் ஒருவர் ஆறு ஆண்டு பார்த்துக்கொண்ட பாட்டி காலமாகியிருந்தார். இங்கே கூடுமானவரை அன்றே அடக்கம் செய்துவிடுவார்கள். இவர் துணி மாற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழு நாள் துக்க வீட்டில் உறவினர்கள் உட்கார்ந்திருக்க, இவர் சமையலறையில் கிளாஸ் கழுவியிருக்கிறார். அன்று அவர் எதுவும் பேசவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. குறிப்பேட்டில் அந்த வாரத்துக்கு நாலே வரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 22, ‘மிஷ்பாத்தீம்’. பரதேசியின் மனம் உங்களுக்குத் தெரியுமே, எகிப்தில் நீங்களும் பரதேசிகளாய் இருந்தீர்களே என்ற வசனத்துக்காகவே அன்று கூட்டம் சேர்ந்தது. பரதேசியைப் பற்றித் தோரா 36 இடங்களில் எச்சரிப்பதாகத் தல்மூத் கணக்குச் சொல்கிறது; 46 என்று சொல்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். எல்லோரும் உற்சாகமாக இருந்த நேரத்தில் தாத்தா உண்மையைச் சொல்லிவிட்டார்: “இங்கே ‘கேர்’ என்ற சொல்லை, யூத நெறிக்கு மாறி வந்தவர் என்றுதான் எங்கள் ரபிகள் பெரும்பாலும் படிப்பார்கள்.” முகங்கள் வாடிவிட்டன. கொஞ்ச நேரம் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்: “ஆனால் எகிப்தில் நாங்கள் யாரும் மதம் மாறியவர்களாக இருக்கவில்லையே.” அப்புறம் அரை மணி நேரம் விவாதம், முடிவு ஏற்படவில்லை.

மார்ச் மாதம் முழுக்க, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அமைத்த வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள். பலகை, கொளுவி, திரை, தொங்கல். வருகை ஆறு, ஏழு என்று இறங்கியது. குறை சொல்ல மாட்டேன், எனக்கே கொட்டாவி வந்தது. பொருளாளர் அக்கா மட்டும் மார்ச் 29, ‘பெகுதே’ வாரத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார். அது மோசே கணக்கு ஒப்பிக்கும் பகுதி. பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1775 சேக்கல் என்று பைசா சுத்தமாக எழுதியிருக்கிறது. மோசேயையே ஜனங்கள் சந்தேகப்பட்டதாக ஒரு மித்ராஷ், அதாவது ரபிகளின் விளக்கக் கதை, உண்டு. அவரும் அந்த 1775 சேக்கல் எங்கே போனது என்று மறந்து திகைத்து நின்றாராம். நிமிர்ந்து பார்த்தால், தூண்களின் கொக்கிகள். நம் கணக்கிலும் பிப்ரவரியில் 85 சேக்கல் உதைத்தது. அக்கா இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால், ஊரிலிருந்து வந்த சார்ஜர்களுக்காக வாங்கிய பிளக் அடாப்டர்கள் சுவரிலேயே செருகிக் கிடக்கின்றன. கணக்கு நேரானது. வரவு செலவு அறிக்கையைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

மே 10 கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ‘அஹரே மோத்’, ‘கெதோஷீம்’ இரண்டும் சேர்ந்த வாரம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கிட்டத்தட்ட நம் வேலைக்கென்றே எழுதியது போல இருக்கிறது. நரைத்தவர் முன் எழுந்து நில் என்ற வரியை இங்கே பேருந்தில் முன் இருக்கைப் பக்கம் ஒட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது இந்த அதிகாரத்து 32-ஆம் வசனம் என்று நம்மில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல, செவிடரைச் சபிக்காதே என்ற 14-ஆம் வசனம். அவருக்குத்தான் கேட்காதே, பிறகென்ன நஷ்டம்? இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்குச் சொன்ன காரணத்தைத் தாத்தா விளக்கினார். கேட்பவருக்கு வலிக்கிறதா என்பது மட்டும் பேச்சில்லை. திட்டுகிறவன் தன் கோபத்துக்குப் பழகிப்போகிறான், கெடுதல் அவனுக்கு. மட்டக்களப்புத் தங்கச்சி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, நான் இதை ஒவ்வொரு நாளும் செய்யிறன்.” பாட்டிக்கு சூப் ஊட்டிக்கொண்டே காதில் ஃபோனை மாட்டி அம்மாவோடு கதைப்பாளாம். இந்தக் கிழவி ராத்திரி முழுக்க நித்திரை கொள்ள விடேல்ல, சாப்பாட்டைத் துப்புது, எப்ப தொலையுமோ என்றெல்லாம் வாயில் வரும். பாட்டிக்குத் தமிழ் தெரியாது. இவள் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, “அம்மாவா? என் ஷலோம் சொல்லு” என்பாராம்.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நானும் என் பெரியவர் எதிரிலேயே அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் ஊருக்குப் பேசுகிறேன். முதலாளி வீட்டாருக்குச் சொல்ல வசனம் தேடித்தான் நம்மில் பலர் இந்த வட்டத்துக்கு வந்தோம், நான் உட்பட. கிடைத்தவற்றில் பெரும்பாலும் நம் பக்கமே விரல் நீட்டுகின்றன. இது என் கருத்து, குழுவின் தீர்மானம் அல்ல.

அதே அதிகாரத்தில் கூலியும் வருகிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது. ‘லோ தாலின்’, இரா தங்கவிடாதே. சம்பளத் தாமதத்துக்கு இன்றைய எபிரேயச் சொல் ‘ஹலானாத் ஸகார்’. கூலியை இரா தங்கவைப்பது என்றுதான் அதற்கும் பொருள். 1958-ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு மாதச் சம்பளம் இழுத்துக்கொண்டிருந்தது. எந்த வீடு என்பது இங்கே வேண்டாம். வசனத்தை எபிரேயத்தில் மனப்பாடம் செய்து மகனிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். வேதத்தைப் பில் புத்தகமாக்க வேண்டாம், சட்டத்தைச் சொன்னால் போதும் என்று தலைவர் தடுத்தார். அவர் இரண்டையும் சொல்லிவிட்டு வந்தார். பணம் அந்த வாரமே வந்தது. எது வேலை செய்தது என்று இன்றும் தலைவருக்கும் அவருக்கும் வாக்குவாதம்.

ஜூன் 13 முதல் 24 வரை ஈரானுடன் நடந்த போரின்போது கூடவில்லை. சைரன் ஒலித்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதுகாப்பு அறைக்கு ஓடுவதும், அந்த அறை இல்லாத வீடுகளில் மாடிப்படி வளைவில் பெரியவரை அணைத்துக்கொண்டு நிற்பதுமாகப் போனது. ‘ஷெலாஹ்’ பகுதியை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். கேட்டவர்கள் நான்கு பேர். அந்தப் பகுதியில் கானானை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பயந்ததைக் குறை சொல்லும் மனநிலையில் அன்று யாரும் இல்லை.

ஜூலையில் பிலேயாமின் பேசும் கழுதை வந்தது, சிரித்தோம்.

செப்டம்பர் 6, ‘கீ தேட்சே’. கூலி திரும்பவும் வருகிறது, இந்த முறை பொழுது சாயுமுன் கொடு என்று. அவன் தன் உயிரையே அதன்மேல் வைத்திருக்கிறான் என்கிறது வசனம். இதற்குத் தல்மூத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இவன் ஏன் ஏணியில் ஏறினான், ஏன் மரத்தில் தொங்கினான், ஏன் சாவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தான், கூலிக்காகத்தானே? தாத்தா இதைச் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அப்பா குமரி மாவட்டத்தில் பனையேறியவர். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பு. வியாபாரியிடம் கருப்பட்டிப் பணத்துக்காக மாலையில் திண்ணையோரம் நிற்பார், நாளைக்கு வா என்பார்கள். அதைச் சொன்னேன். எல்லோரும் முதலாளிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்போதுதான் தலைவர், “அறையைக் கூட்டித் துடைக்கும் எரித்ரியப் பெண்ணுக்குப் பணம் கொடுத்தாச்சா?” என்று கேட்டார். இரண்டு வாரப் பாக்கி. சில்லறை இல்லை, பொருளாளர் விடுப்பில், செயலாளர் மறந்துவிட்டேன். அன்றிரவு பணத்தோடு அவர் வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, “வேலையிலிருந்து நிறுத்தப் போகிறீர்களா?” இனி வெள்ளிக்கிழமை அவர் துடைப்பத்தை வைக்குமுன் கையில் பணம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

என் தவறு இன்னொன்று. ‘நித்சவீம்’, ‘வயேலெஹ்’ இரண்டும் சேர்ந்து வரும் என்று போன ஆண்டு அட்டவணையைப் பார்த்து அறிவித்துவிட்டேன். இந்த ஆண்டு அவை தனித்தனி. இரண்டையும் படித்து வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது சாவி. நான்கு சனிக்கிழமை நாம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுக் கலைந்ததற்குக் காரணம், ஒரே சாவி, அதை வைத்திருந்தவருக்கு அந்த வாரம் விடுப்பு இல்லை என்பதே. இரண்டு நகல் எடுத்திருக்கிறோம். ஒன்று தலைவரிடம், ஒன்று தாத்தா வீட்டு வாசல் செருப்பு அலமாரியில், அவர் அனுமதியோடு.

அடுத்த சனிக்கிழமை அக்டோபர் 25, நோவா. மாலை மூன்று மணி. தமிழில் வாசிக்கும் முறை மட்டக்களப்புத் தங்கச்சிக்கு. ஆரஞ்சு இன்னும் சீசன் ஆகவில்லை. தாத்தாவுக்கு வேறு ஏதாவது பழம் யாராவது கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்
தெல் அவீவ், 18 அக்டோபர் 2025 (எழுதியது நட்சத்திரம் தெரிந்த பிறகு)