ஆண்டுகள் மட்டும் போதா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டால்தான் தெரியும் என்கிறோம். வயதில் மூத்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறோம். இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுவது பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். பட்டவர் எல்லோரும் தெளிந்தவர் ஆகிவிடுவதில்லை. ஒரே அனுபவத்தை முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கடந்தும் அதிலிருந்து எதையும் பெறாதவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள்.

இளைஞர் ஒருவர் கணிதத்தில் தேர்ந்தவராகிவிடலாம். ஆனால், நடைமுறை விவேகம் தனித்தனி நிகழ்வுகளோடு பழகிப் பழகியே வருவதால் அதற்குக் காலம் பிடிக்கும் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் கூறினார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலம் வேண்டும் என்பதைக் காலமே போதும் என்று நாம் திரித்துக்கொண்டோம். மருத்துவர்களின் பணிக்காலத்தையும் அவர்கள் தரும் சிகிச்சையின் தரத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், பணிக்காலம் கூடக் கூடத் தரம் குறைந்திருந்தது.

அப்படியானால் அனுபவம் எப்போது அறிவாகிறது? குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் பிரிவில் பணிபுரியும் செவிலியர்களைப் பற்றி உளவியலாளர் கேரி கிளைன் குழுவினர் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, இந்தக் குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்துவிட்டது என்று தேர்ந்த செவிலியர்கள் சொல்லிவிடுகிறார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் முதலில் அவர்களால் விளக்க முடியவில்லை. நடந்த ஒவ்வொன்றையும் நினைவுகூரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்ட பிறகே, தோலின் நிறம் சற்று மாறியிருந்ததும், நேற்றுச் சுறுசுறுப்பாக இருந்த குழந்தை இன்று துவண்டு கிடந்ததும் போன்ற சிறுசிறு அடையாளங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றுள் சில அன்றைய பாடநூல்களில் இல்லாதவை. தாம் கணித்தது சரியா தவறா என்பது அதே படுக்கையருகே ஓரிரு நாளில் தெரிந்துவிடுவதுதான், அந்தக் கண்கள் அவ்வளவு கூர்மை பெற்றதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர் நிலையில் நின்ற உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டார்கள். செய்யும் தொழிலில் அடையாளம் கண்டுகொள்ளத்தக்க ஒழுங்கு இருக்க வேண்டும். செய்ததன் விளைவு செய்தவரிடமே காலந்தாழ்த்தாமல் திரும்பி வர வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆண்டுகள் தன்னம்பிக்கையை வளர்க்குமே தவிர, கணிப்பைத் திருத்தா.

அலுவலகங்களும் குடும்பங்களும் இந்த இரண்டாம் நிபந்தனையைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. முடிவெடுத்த அதிகாரி, அது என்ன ஆயிற்று என்று தெரிவதற்குள் மாற்றலாகிப் போய்விடுகிறார். குடும்பத்தில் பெரியவர் எடுத்த முடிவு தவறாகப் போனால், அவர் மனம் நோகுமென்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த மரியாதையில் அன்பு இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஆயினும் அவர் தம் அனுபவத்திலிருந்து கற்க வேண்டியதை நாமே அவரிடமிருந்து மறைத்துவிடுகிறோம்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். மூத்தவர்களைப் பேட்டி காணும்போது இளைஞர்களுக்கு அறிவுரை கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் எடுத்த ஏதேனும் ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று எதைப் பார்த்தார்கள், எதைக் கவனிக்கத் தவறினார்கள், பிறகு என்ன நடந்தது, அதன்பின் எதை மாற்றிக்கொண்டார்கள் என்று விரிவாகக் கேட்டு வெளியிடுங்கள். பக்கம் போதாவிட்டால் இரண்டு வாரங்களாகப் பிரித்தேனும் வெளியிடலாம். காத்திருந்து படிப்பதற்கு என்னைப் போன்ற வாசகர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்