தீரர் சத்தியமூர்த்தி கண்காட்சி: கைகொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள திருமயத்து உறவுகளுக்கும், வெளியூரிலிருந்து வந்து தோள்கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 19, விடுதலைப் போராட்டத்தின் காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தியின் பிறந்தநாள். அதையொட்டி எங்கள் வாசகர் வட்டம் நடத்திய மூன்று நாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பலகைகளை இன்னும் முழுதாகக் கழற்றவில்லை. அதற்குள் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். தள்ளிப்போட்டால் யாராவது விட்டுப்போவார்கள்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. சத்தியமூர்த்தி 1887-இல் நம் ஊரில் பிறந்தவர், நம் பெருமாளின் பெயரைத் தாங்கியவர், பெரிய பேச்சாளர். இதற்கு மேல் எங்களுக்கு அதிகம் தெரியாது. 1923-இல் சுயராஜ்யக் கட்சிக்காரராகச் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தது, 1934-இல் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனது, அங்கே கேள்வி நேரத்தில் அரசுத் தரப்பைத் திணறடித்தது, எல்லாவற்றையும் பழைய புத்தகங்களிலிருந்து தேடி எடுத்துத் தந்தவர் அவர்தான். 1937-இல் ராஜாஜிக்காகத் தன் பல்கலைக்கழகத் தொகுதியை விட்டுக்கொடுத்த பக்கத்தைக் காட்டும்போது அவர் குரல் கம்மியது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடியபோது சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். பிறந்தநாளில் அந்தப் பலகை எதற்கு என்று எங்களில் சிலர் தயங்கினோம். "பெரிய மனுசர்னா முழுசாத்தான் காட்டணும் தம்பி" என்றார் டீச்சர். பலகை வாசலுக்கு நேரே நின்றது. அந்த விஷயத்தில் அவர் செய்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். அதை மறைத்திருந்தால் மற்ற பலகைகளையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இனி பூண்டி, சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம். 1939-இல் சத்தியமூர்த்தி சென்னை மேயரானார். அப்போது மேயர் பதவி ஓராண்டுக்குத்தான். நகரமோ தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கொசஸ்தலை ஆற்றின் வெள்ளம் தேக்க இடமில்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உலகப்போர் தொடங்கிவிட்ட நேரம், அரசிடம் பணம் கேட்டு வாங்குவது லேசான காரியமில்லை. ஆளுநரை இணங்கவைத்து, அந்த ஆற்றின் குறுக்கே பூண்டி அணை வேலையைத் தொடங்கச் செய்தார். பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா இதைப் பிள்ளைகளுக்கு மண்ணைக் குவித்து, நீரை ஊற்றிக் காட்டி விளக்கினார். புழல், சோழவரம் ஏரிகளோடு பூண்டி எப்படிச் சேர்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தெர்மாகோலில் செய்த அணை மாதிரியில் மதகுகூடத் திறந்து மூடியது. கண்ணுகளா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அணை 1944-இல் முடிந்தது. சத்தியமூர்த்தி 1943 மார்ச் 28 அன்றே போய்விட்டார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கைதாகி, இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள அமராவதி சிறைக்குக் கொண்டுபோகப்பட்ட பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டவர் மீளவே இல்லை. சென்னைக்குக் கிடைத்த அந்தத் தண்ணீரை அவர் பார்க்கவில்லை.

அதனால்தான் திருவள்ளூரிலிருந்து வந்த அந்த லாரி ஓட்டுநர் அண்ணனை என்னால் மறக்க முடியவில்லை. செய்தி கேள்விப்பட்டு, பூண்டியில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, இரவெல்லாம் வண்டி ஓட்டிக் கொண்டுவந்தார். படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பேசச் சொல்லியும் பேசாமல், ஒரு ஓரமாய்க் கைகட்டி நின்றார். அண்ணே, மூன்று நாளும் அந்தக் குடத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம்.

கேட்டிருந்த மண்டபம் கடைசி நேரத்தில் இல்லையென்று ஆனபோது தன் நெல் கிடங்கைக் காலிசெய்து தந்த மாமாவுக்கும், காசே வாங்காமல் மூன்று நாள் டீ கொடுத்த தம்பிக்கும், 1947 ஆகஸ்ட் 15-இல் காமராஜர் தன் தலைவர் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய்க் கொடியேற்றிய கதையைச் சொல்லிக் கூட்டத்தைக் கண்கலங்க வைத்த தாத்தாவுக்கும் எங்கள் வணக்கம்.

பழைய படங்களும் பத்திரிகைகளும் தந்தவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்குக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, அவரவர் பெயர் எழுதி வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
வாசகர் வட்டத்துக்காக, உங்களில் ஒருவன்
திருமயம்