முகாம் நடந்த ஊர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

இந்த மே மாதத்தோடு பணி ஓய்வு பெறுகிறேன். வகுப்பில் நடத்தியது வேதியியல். ஆனால் பண்ருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் 'என்.எஸ்.எஸ். சார்' என்றால்தான் என்னைத் தெரியும். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில், அதாவது என்.எஸ்.எஸ்.-இல், மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. முகாமுக்கு வரும் நிதி கடைசி நாள் வரை தாங்காது. அரிசியும் காய்கறியும் விறகும் உங்கள் வீடுகளிலிருந்து வந்தன. காலாண்டு விடுமுறைக்கு முன்னால் ஊருக்குள் வந்து பேச்செடுத்தால், "எத்தனை பிள்ளைங்க சார்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

ஊராட்சித் தூய்மைக் காவலர் அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சாக்கடை ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பையன்களை அவர் திட்டவில்லை. மண்வெட்டியை வாங்கித் தானே இழுத்துக் காட்டினார். "அள்ளுன உடனே கூடையில போடாதீங்க தம்பி, கரையில கிடந்து காயட்டும், நாளைக்கு வாரிக்கலாம்" என்றார். அன்று மதியம் பந்தியில் அவருக்கு இலை போட்டுப் பரிமாறியவன், காலையில் மண்வெட்டியைத் தொட மறுத்த அதே பையன். நான் வகுப்பில் வருடம் முழுக்கப் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது.

அப்புறம் 'தானே' புயல். 2011 டிசம்பர் 30 காலையில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தன் வீட்டுக் கூரை பறிபோன பிள்ளைகளும் வேலைக்கு வந்தார்கள். தாத்தா காலத்துப் பலா மரங்களை இழந்த ஒரு விவசாயி, அந்தத் துக்கத்திலும் அவர்கள் பக்கத்திலேயே நின்றார். எந்தக் கிளை பாரத்தைத் தாங்குகிறது, எதை முதலில் வெட்டினால் மரம் புரளும் என்று காட்டிய பிறகுதான் அரிவாளைக் கையில் கொடுத்தார். அறுந்து கிடந்த மின்கம்பிப் பக்கம் ஒருவரையும் விடவில்லை. ஐயா, அந்தப் பிள்ளைகள் பொறுப்பு என்றால் என்ன என்று உங்களிடம்தான் பார்த்தார்கள். 2015 வெள்ளத்தின்போது அவர்களில் சிலர், நான் கூப்பிடாமலே வந்து வீடு வீடாகப் பட்டியல் எழுதி நிவாரணப் பொருள் கொடுத்தார்கள்.

பெண் பிள்ளைகளை ஏழு நாள் வெளியூரில் தங்க அனுப்புவது லேசான காரியமில்லை. நம்பி அனுப்பிய பெற்றோருக்கும், இரவில் துணைக்கு வந்து படுத்துக்கொண்ட அம்மாக்களுக்கும் கைகூப்பிய நன்றி. தலைமை ஆசிரியர்கள், உடன் பணியாற்றியவர்கள், சமையல் அண்ணன் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். காலாண்டு விடுமுறை என்பதையே பார்க்காத என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதலாக.

வரும் செப்டம்பரிலும் முகாம் உண்டு. திட்ட அலுவலராக ஓர் இளம் ஆசிரியை பொறுப்பேற்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் பேசக் கொஞ்சம் தயங்குகிறார். அவர் பேச்செடுப்பதற்கு முன் நீங்களே, "எத்தனை பிள்ளைங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அண்டாக்களும் மண்வெட்டிகளும் ஆய்வகத்தை ஒட்டிய அறையில் இருக்கின்றன, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் என்.எஸ்.எஸ். சார்